குப்பியின் முன்னேற்ற அறிக்கை

மார்ச் 4, திங்கள்

இன்று என் தவறு ஒன்று. சோதனை அறையில் நாற்காலியைத் தூக்கி நகர்த்துவதற்குப் பதிலாக இழுத்துவிட்டேன். அதன் கால் தரையில் உரசியது. திரையில் இருந்த ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் இடம் மாறின. நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்த வரைபடத்தில் ஒரு சின்னப் படி விழுந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லும் முன்பு கை கழுவும் இடத்தில் தேவையில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் திட்டவில்லை.

"நேரத்தக் குறிச்சு வை. காரணம்னு இருக்கற இடத்துல நாற்காலின்னு எழுது. காரணம் தெரியவில்லைன்னு மட்டும் எழுதிடாத. தெரியாதது நமக்கு ஏற்கெனவே நெறைய இருக்கு. அதுல இதையும் கொண்டு போய்க் கலக்க வேண்டாம்" என்றார்.

செய்கிற வேலையை வெளியாள் ஒருவருக்குப் புரியும்படி எழுதிப் பார்த்தால்தான் அது நமக்கே புரிந்திருக்கிறதா என்று தெரியும் என்று மாலைக் கல்லூரியில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்கிறார். முயன்று பார்க்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அடித்தளத்தில். ஒப்பந்த உதவியாளர். மேடம் இயற்பியலாளர். அவருடைய அறையில் எப்போதும் விளக்கு எரியாது என்பதால் மற்ற மாடிக்காரர்கள் அவரை இருட்டு மேடம் என்பார்கள். அறையின் நடுவில், காற்றடைத்த கால்கள் மேல் நிற்கும் ஒரு மேசை. அதன் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் நீரும், கண்ணுக்குத் தெரியாத சிறு பிளாஸ்டிக் மணிகளும், பால் போல. மணிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒரு மணி நகர வேண்டுமென்றால் பக்கத்து மணி வழி விட வேண்டும். பக்கத்து மணியோ இந்த மணி வழி விடக் காத்திருக்கிறது. அடுக்காகக் கிடந்தால் திடப்பொருள் என்று சொல்லிவிடலாம், அடுக்கு இல்லை. ஓடினால் திரவம் என்று சொல்லிவிடலாம், ஓடவில்லை. இந்த நிலைக்கு இயற்பியலில் கண்ணாடி நிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடியும் இதே சாதிதான் என்கிறார் மேடம்.

பார்வைக்குத்தான் அசையாமல் இருக்கிறது. உள்ளே மிக மெதுவாக நகர்வு உண்டு. வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். அதைப் பார்க்க லேசர் ஒளியை உள்ளே அனுப்புகிறோம். ஒளி மணிகளில் மோதிச் சிதறி வெளியே வந்து, கேமராவில் மணலைக் கொட்டியது போல வெளிச்சப் புள்ளிகளாக விழுகிறது. உள்ளே மணிகள் மயிரிழையில் சிறு பங்கு நகர்ந்தாலும் புள்ளிகள் மாறும், அந்த மாற்றத்தைத்தான் கணினி வரைபடமாகப் போடுகிறது. பார்ப்பதற்காக அனுப்பும் ஒளியே அந்த மணிகளைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறதா என்பதுதான் மேடத்தின் கேள்வி. பதிலுக்கு இந்த ஆண்டு முடியும் வரை குப்பி கலையாமல் இருக்க வேண்டும். ஒன்றரை வருடமாக இருக்கிறது. ஒருமுறை குலுக்கினால் அதன் வயது பூஜ்யத்துக்குப் போய்விடும்.

இவ்வளவும் சரியாக எழுதியிருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. "சாதி" என்பதற்குப் பதில் "வகை" என்று இருக்கலாம்.

மார்ச் 12, செவ்வாய்

சுற்றறிக்கை வந்தது. நிறுவனம் இதை வேக ஆண்டாக அறிவித்திருக்கிறது. முன்னேற்ற மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதன் தலைவர் இதற்கு முன் நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்தை நிர்வகித்தவர். அங்கே அவர் இடங்களைப் பாதியாகக் குறைத்தார். நிறுத்த இடமில்லாமல் வண்டிகள் சுற்றிக்கொண்டே இருந்ததில் வாகன நகர்வு மும்மடங்கானது. அந்தச் சாதனையைப் பார்த்துத்தான் அறிவியலையும் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஆய்வகமும் தன் நகர்வுக் குறியீட்டைத் தெரிவிக்க வேண்டும். "ஆய்வுப் பொருள் இந்தக் காலாண்டில் நகர்ந்த தூரம், கிலோமீட்டரில்" என்று கேட்டிருந்தார்கள். மேடம் ஒரு புள்ளி வைத்து, பிறகு நிறைய பூஜ்யங்கள் போட்டு, கடைசியில் ஓர் எண் எழுதினார். மதியமே திரும்பி வந்தது. பூஜ்யங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன, புள்ளிக்குப் பின் இரண்டு இடம் மட்டுமே அனுமதி என்று சிவப்பு மையில் குறிப்பு. அவர்களே திருத்தி 0.00 என்று போட்டுக்கொண்டார்கள். எங்கள் குப்பி அதிகாரபூர்வமாக அசையவில்லை.

குறியீடு பூஜ்யமாக உள்ள அறைகள் மே மாத இறுதியில் வேறு பணிக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றும் இருந்தது. எங்கள் அறை எந்தப் பணிக்கு என்று கேட்டு வரச் சொன்னார் மேடம். போய்க் கேட்டேன். கட்டடத்திலேயே குளிர்ச்சியும் அமைதியும் உள்ள அறை என்பதால் இயக்குநருக்குச் சிந்தனை அறை ஆகப் போகிறதாம். இப்போது எங்கே சிந்திக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று பஸ்ஸில் தோன்றியது.

"நிறுவனத்துல எல்லாமே நின்னு போயிருக்கு, இது ஒண்ணுதான் நகருது, மெதுவா. அதத்தான் பூஜ்யம்னு போட்டிருக்காங்க" என்றார் மேடம்.

மார்ச் 27, புதன்

சொத்துச் சரிபார்ப்பு. ஸ்டோர்ஸ் அதிகாரி ஆறு பேருடன் வந்தார். எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் என் நாற்காலிப் படியைப் போலப் பத்து மடங்கு உயரத்தில் ஒரு படி விழுந்தது. மேடம் நேரத்தைக் குறித்தார்.

ஸ்டோர்ஸ் அதிகாரி லேசரைப் பார்த்தார். அதற்கு எண் ஒட்டினார். அதிலிருந்து வரும் ஒளிக்கு எண் எங்கே என்று கேட்டார். ஒளி செலவாகிவிடும் பொருள் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. செலவாகும் பொருளுக்கு வரவு, பயன்பாடு, மீதி மூன்றும் வேண்டுமாம்.

"உள்ள போற ஒளி பூரா கேமராவுக்கு வந்துருதா?"

"இல்ல சார். கொஞ்சம்தான் வரும்."

"மீதி?"

"நாலா பக்கமும் சிதறிடும் சார். செவுத்துல படும்."

"மீதி சுவரில் உள்ளது" என்று எழுதிக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். தட்டியதும் ஒரு படி.

கடைசியில் குப்பிக்கு எண் ஒட்ட வந்தார். ஒட்டினால் ஒளி உள்ளே போகாது என்று மேடம் குறுக்கே நின்றார். சொத்தின் மேல் ஒட்ட முடியாவிட்டால் சொத்தின் பொறுப்பாளர் மேல் ஒட்டலாம் என்று விதி இருக்கிறதாம். பதிவேட்டில் பொறுப்பாளர் என்று என் பெயர் இருந்ததால் என் அடையாள அட்டையில் ஒட்டிவிட்டார். "கண்ணாடிக் குப்பி, சிறியது, உடையக்கூடியது" என்று அதில் இருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

இந்த வாரம் முழுதும் வகுப்புக்குத் தாமதம். நிறுவனச் சொத்து ஐந்து மணிக்கு மேல் வெளியே போக வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் என் அட்டையை ஸ்கேன் செய்தால் திரையில் என் பெயர் வருவதில்லை, குப்பி வருகிறது. அவருக்கும் வருத்தம்தான்.

"என்னம்மா பண்றது, நீ உடையக்கூடிய பொருள். சும்மா வெளிய விட்டா என் வேலை போயிரும்" என்கிறார். பாஸில் திரும்பி வரும் தேதியும், எந்த நிலையில் திரும்பும் என்பதும் எழுத வேண்டும். "நல்ல நிலையில்" என்று எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை அதை எழுதும்போது எனக்குக் காய்ச்சல், அதனால் அது முழு உண்மை இல்லை.

அலைகள் ஒன்றோடொன்று கூடுவதும் கழிவதும் பற்றிய பாடத்தில் முன்பாதி போய்விட்டது. கழிவது மட்டும் தெரியும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பாதுகாப்புக் குழு வந்தது. அறைக்குள் யாராவது அனுமதியில்லாமல் நுழைகிறார்களா என்று பார்க்க அனுமதியில்லாமல் நுழைந்தார்கள். எத்தனை பேர் என்று இருட்டில் எண்ண முடியவில்லை. ஒருவர் கோப்பு ஒன்றை மேசை மேல் போட்டார். படி.

ஏப்ரல் 18, வியாழன்

ஒன்றரை வருடமாக நடக்கும் சோதனையை இயக்குநர் இன்று தொடங்கி வைத்தார்.

அவர் பதவிக்கு வந்த பின் தொடங்கிய ஆராய்ச்சிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால், முன்பே தொடங்கியவற்றை மறுபடி தொடங்குவது என்று முடிவாம். தொடங்க ஒரு சுவிட்ச் வேண்டும். லேசர் சுவிட்சைத் தொடக் கூடாது என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் எதனோடும் இணைக்கப்படாத ஒரு சுவிட்சைப் பலகையில் அடித்து ரிப்பன் கட்டினார்கள். அழுத்தியபின் ஏதாவது நடந்தால்தான் நன்றாக இருக்கும் என்று கடைசி நேரத்தில் அதை ஒரு பெரிய பல்போடு இணைத்துவிட்டார்கள். எங்களிடம் சொல்லவில்லை.

இயக்குநர் பேசினார். நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"இருட்டுல ஒருத்தர் வேலை செஞ்சா அவர் என்ன செய்யறார்னு எனக்குத் தெரியாது. வெளிச்சத்துல செஞ்சாலும் எனக்குத் தெரியாது, அத ஒத்துக்கறேன். ஆனா வெளிச்சத்துல செஞ்சா பக்கத்துல நின்னு போட்டோவாவது எடுத்துக்கலாம். முப்பது வருஷமா நான் அறிவியல நிர்வாகம் பண்றேன். எந்த ஆராய்ச்சியும் என்னைத் தாண்டிப் போனதில்ல. போக விட்டதுமில்ல."

சுவிட்சை அழுத்தினார். பல்பு எரிந்தது. கேமரா கண் கூசியது போல ஒரே வெள்ளையாகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நீண்ட கைதட்டல். இயக்குநரும் சேர்ந்து தட்டினார். இதுவரை விழுந்ததில் மிகப் பெரிய படி அதுதான்.

அவர்கள் போன பிறகு மேடம் மேசையருகே குனிந்து குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டுப் போய்விட்டதா என்று கேட்டேன். முழுக்கக் கலையவில்லை, அடியில் பழைய வயது இருக்கிறது, இன்னும் இப்படி இரண்டு மூன்று கைதட்டல் வந்தால் இருக்காது என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி துடைத்தார்.

மே 6, திங்கள்

மதிப்பீட்டுக் குழுத் தலைவர் வரைபடத்தைப் பார்க்க வந்தார். நல்லவேளை, வெளி அறையிலேயே பார்த்தார்.

நீளமான தட்டைக் கோடு. அங்கங்கே படிகள். தலைவர் விரலால் படிகளில் ஏறிக்கொண்டே போனார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மலர்ந்தது என்பது மிகை. நிமிர்ந்தது.

"இந்தத் தட்டையா கெடக்கறதெல்லாம் யார் வேலை?"

"என் வேலை" என்றார் மேடம்.

"இந்தப் படியெல்லாம்?"

"உங்க வேலை."

தலைவர் மேடத்துக்குக் கைகூப்பினார். இத்தனை வருடத்தில் விஞ்ஞானி ஒருவர் நிர்வாகத்துக்கு நன்றி சொல்லி இப்போதுதான் கேட்கிறாராம். அது நன்றி இல்லை என்று மேடம் விளக்கினார். ஒவ்வொரு படியும் யார் உள்ளே வந்தபோது விழுந்தது, அதனால் குப்பிக்கு என்ன கெடுதல் என்று பொறுமையாகச் சொன்னார். நான் என் பங்குக்கு, முதலில் இருக்கும் சின்னப் படி என் நாற்காலி என்று சொன்னேன். இளைஞர்களின் பங்களிப்பும் இருப்பது மகிழ்ச்சி என்றார் தலைவர்.

படிகளையெல்லாம் குப்பியின் நகர்வாகக் கணக்கு வைத்ததில் எங்கள் குறியீடு ஒரே நாளில் நிறுவனத்திலேயே முதலிடத்துக்குப் போனது. அறை எங்களுக்கே. இனி வாரம்தோறும் குழு உள்ளே வந்து கைதட்டும், அதற்கு ஊக்க வருகைத் திட்டம் என்று பெயர். வரைபடத்தை முதல் மாடி நடைபாதைச் சுவர் நீளத்துக்குப் பெரிதாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். அது இனி நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஆவணம். இயக்குநரின் எழுத்துபூர்வ ஆணை இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

ஒரே ஒரு சிக்கல். படிகளுக்குக் காரணம் குழுவின் வருகை என்று எழுதினால், ஆராய்ச்சி செய்ய உங்களுக்கு எந்தத் தலைப்பில் நிதி வந்தது என்று தணிக்கைக்காரர்கள் குழுவைக் கேட்பார்களாம். அதனால் ஒவ்வொரு படியின் கீழும் "இயற்கையான துள்ளல்" என்று எழுதி, பதிவு செய்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இயற்கைதான் துள்ளுகிறது என்றால் வாரம்தோறும் வந்து எதற்குக் கைதட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"இயற்கைக்கும் ஒரு ஊக்கம் வேணும்ல" என்றார் தலைவர்.

போகும்போது, என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிவதை நினைவுபடுத்தினார். அதைப் புதுப்பிக்கும் கோப்பு தன் மேசையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். மிரட்டுவது போல இல்லை, பிறந்தநாளை நினைவுபடுத்துவது போலச் சொன்னார்.

மே 8, புதன்

இரண்டு நாளாக இதே யோசனை.

மேடத்திடம் கேட்டேன். "அது உன் கையெழுத்து. போடுன்னும் சொல்ல மாட்டேன், போடாதன்னும் சொல்ல மாட்டேன். உன்ன வெச்சு என் சண்டையப் போட்டா நானும் அவங்கள மாதிரிதான்" என்றார். பிறகு, தான் எதிலும் அப்படி எழுதப் போவதில்லை என்றும், வாரக் கைதட்டல் வந்தால் வாசலில் நிற்கப் போவதாகவும், அதனால் அறை போனால் போகட்டும் என்றும் சொன்னார். அறை போனால் குப்பியை யாராவது தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். அதோடு முடிந்தது.

நான் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்காவுக்கு ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. எதைச் சொன்னாலும் நான் "நிச்சயமாவா?" என்று கேட்பதால் சின்ன வயதிலிருந்தே என்னைச் சந்தேகம் என்றுதான் கூப்பிடுவாள். இரவு சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றாள். பல்பு எரிந்ததைச் சொன்னபோது சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. பிறகு தட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏய் சந்தேகம், நானும் நாள் பூரா பொய்தான் சொல்றேன். வண்டி இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு. எனக்கு என்ன தெரியும், மேல இருந்து சொல்லச் சொல்றான், சொல்றேன். ஆனா வராத வண்டிய வந்துருச்சுன்னு ஒருநாளும் சொன்னதில்லடி. சொன்னா சனம் மூட்டையத் தூக்கிட்டு ஓடும்ல."

அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டாமா என்று கேட்டேன்.

"நான் அப்படிச் சொன்னேனா? வாடகை யார் குடுப்பா? பாத்திரத்த எடுத்து வை" என்றாள்.

மே 14, செவ்வாய்

வரைபடம் நடைபாதையில் ஏறிவிட்டது. மாடிப்படியில் தொடங்கி இயக்குநர் அறை வாசலில் முடிகிறது. காரணம் எழுத வேண்டிய கட்டங்களைக் காலியாக அச்சிட்டிருந்தார்கள். காலையில் நான் மார்க்கர் பேனாவோடு போனேன். முதல் எழுத்துகள் கோணலாக வந்தன.

இப்படி எழுதினேன்:

மார்ச் 4. நாற்காலி. உதவியாளர் இழுத்தது.

மார்ச் 27. சொத்துச் சரிபார்ப்பு. ஸ்டோர்ஸ் அதிகாரியும் குழுவினரும் உள்ளே வந்தது. அடுத்த படி, அவர் சுவரைத் தட்டியது.

ஏப்ரல் 9. பாதுகாப்புக் குழு உள்ளே வந்தது. மேசை மேல் கோப்பு ஒன்றைப் போட்டது.

ஏப்ரல் 18. கைதட்டல். இயக்குநர் தலைமையில்.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு தேதியையும் கணினியில் இருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கீழே இறங்கி, மறுபடி ஏறிப் போய் ஒருமுறை பார்த்தேன். தப்பில்லை.

மதியத்துக்குள் நடைபாதையில் கூட்டம். மற்ற மாடிகளில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் டீயோடு வந்து, காட்சி அரங்கில் நடப்பது போல ஒவ்வொரு படியாக நின்று படித்தார்கள். வேதியியல்காரர் ஒருவர் கைதட்டல் படியின் உயரத்தைச் சாணால் அளந்தார். சாயங்காலம் அவருடைய நுண்தராசின் வரைபடம் எங்களுடையதற்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஓர் இடத்தில் தராசு தலைகீழாகிறது. "வாழ்த்துரை" என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே யாரோ பாக்டீரியா வளர்ப்புத் தட்டின் படத்தை ஒட்டியிருந்தார்கள். அதில் ஐந்து விரல் பதிந்திருக்கிறது. "ஆய்வு வருகை" என்று இருந்தது.

கிழிக்கச் சொல்லி தலைவர் ஆள் அனுப்பினார். வந்தவர், இயக்குநரின் எழுத்துபூர்வ ஆணை எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஆணை போட்டால் அதில் "கைதட்டல் தொடர்பாக" என்று இயக்குநர் எழுத வேண்டியிருக்கும். அவர் போடவில்லை.

மே 21, செவ்வாய்

விசாரணை. நீள்சதுர மேசை, நடுவில் தண்ணீர் பாட்டில்கள். எனக்கும் மேடத்துக்கும் பாட்டில் இல்லாத பக்கம். தலைவர் பேசினார். தனக்கு உண்மை மேல் எந்த விரோதமும் இல்லை, அது உரிய வழியில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி என்றார். தான் ஒரு மதியத்தில் கண்டுபிடித்த நகர்வுக் குறியீட்டை ஒன்றரை வருடமாக ஒரு குப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே வருத்தம். பார்க்கப் பாவமாக இருந்தது.

இயக்குநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் கைதட்டினது தப்பா?"

"தப்புன்னு எங்கயும் எழுதல சார். தட்டினீங்கன்னுதான் எழுதியிருக்கு" என்றார் மேடம்.

பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். எழுந்த அதிர்வுக்கு மேசையில் இருந்த பாட்டில் தண்ணீர் அசைகிறதா என்று பார்த்தேன், இல்லை.

"இங்க பாரும்மா. நீ சின்னப் பொண்ணு, படிக்கிற பொண்ணு. காரணத்த மட்டும் அழிச்சிட்டு நாங்க சொன்னத எழுது. உன் கோப்புல இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"முடியாது சார்."

"முடியாதா, மாட்டியா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முடியாது என்றால் ஏதோ மை அழியாது என்பது போல ஆகிவிடும். மார்க்கர் மை ஸ்பிரிட் போட்டால் அழியும், எனக்குத் தெரியும்.

"மாட்டேன் சார். அழிச்சா, அந்தப் படியெல்லாம் குப்பிக்குள்ள தானா நடந்துச்சுன்னு ஆயிரும். நாளைக்கு வேற ஒருத்தர் அத நம்பி வேலை செய்வாங்க. அங்க ஒண்ணும் நடக்கல சார். நீங்க வந்தீங்க, அவ்ளோதான் நடந்துச்சு."

ஸ்டோர்ஸ் அதிகாரி, தான் சுவரைத் தட்டியது ஒருமுறைதான், வரைபடத்தில் இரண்டாகத் தெரிகிறது என்றார். ஒன்று தட்டியது, இன்னொன்று அவர் உள்ளே வந்தது என்று சொன்னேன். சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

தீர்மானம்: நாளை காலை அறை காலி செய்யப்படும். குழு உறுப்பினர் ஒருவர் உள்ளே சென்று லேசரை அணைப்பார். குப்பி வரவேற்பறையில் காட்சிக்கு வைக்கப்படும். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

அக்காவிடம் சொன்னேன். என் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். அது அவளுடையது.

மே 22, புதன்

காலையிலேயே குழு வந்துவிட்டது. தலைவர், ஸ்டோர்ஸ் அதிகாரி, பாதுகாப்புக் குழுக்காரர்கள், பின்னால் இயக்குநர். அடித்தள நடைபாதை குறுகலானது. இரண்டு பேர் அருகருகே நின்றால் மூன்றாமவர் சுவரில் ஒட்ட வேண்டும்.

மேடம் அறை வாசலில் நின்றார். வழியை மறிக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஒரு கையில் மார்க்கர் பேனா, இன்னொரு கையில் வரைபடத்தின் அடுத்த தாள்.

"வாங்க. தாராளமா வரலாம். யார் மொதல்ல உள்ள வரீங்கன்னு மட்டும் சொன்னா எழுதிக்கறேன். மேல ஒட்டணும். நீங்களே அதிகாரபூர்வம்னு சொல்லியிருக்கீங்க" என்றார்.

நான் வெளி அறையில் திரை முன் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாக எல்லாம் கேட்டது. தலைவர் ஸ்டோர்ஸ் அதிகாரியைப் போகச் சொன்னார். தன் பெயர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் இருக்கிறது, மனைவி பார்த்துவிட்டாள் என்றார் அவர். பாதுகாப்புக் குழுக்காரர், லேசர் எரியும்போது பயிற்சி பெறாதவர்கள் நுழையக் கூடாது என்று தானே போட்ட விதியைச் சொன்னார். அந்தப் பயிற்சியை நடத்த வேண்டியவர் யார் என்று தலைவர் கேட்டார். அதுவும் அவர்தான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே முதலில் போவதுதான் முறை என்று இயக்குநர் சொன்னார். பதவியில் மூத்தவர் போவதுதான் மரியாதை என்றார் தலைவர். ஒருவர் பின்வாங்கப் பார்த்தார், பின்னால் இருந்தவர் வழி விட்டால்தான் முடியும். அவருக்குப் பின்னால் இயக்குநர் இருந்ததால் அவரால் இயக்குநரை வழி விடச் சொல்ல முடியவில்லை. இயக்குநர் போக வேண்டுமென்றால் எல்லோரும் வணங்கி ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை.

படிக்கட்டில் வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். வேதியியல்காரர் இரண்டாம் படியில் உட்கார்ந்து டீ குடித்தார். மேடம் அசையாமல் நின்றார். ஒருமுறை மட்டும் மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்து, காயாமல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார். அந்தச் சத்தத்துக்கு மூன்று பேர் திடுக்கிட்டார்கள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. யாராவது ஒருவர் போதும். ஒரே ஒருவர், பெயர் வந்தால் வரட்டும் என்று ஒரு காலை உள்ளே வைத்தால் போதும். திரையைப் பார்த்தேன். கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுப் பக்கமிருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியாகப் போன தலைவர், நின்றபடியே சுவரில் தாளை வைத்து ஒரு குறிப்பு எழுதினார். "அறை காலி செய்யும் பணி தொடங்கப்பட்டு நல்ல முன்னேற்றத்தில் உள்ளது. நாளை தொடரும்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நாளைக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். நாளைக்கும் நிற்பேன் என்றார். இந்த மாதக் கடைசிக்குப் பிறகு நான் இருக்க மாட்டேனே என்றேன்.

"சம்பளம் அவங்க குடுக்க மாட்டாங்க. வர வேண்டாம்னு அவங்களால சொல்ல முடியுமா? சொல்லணும்னா கீழ வரணும்" என்றார்.

சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் வர முடியும் என்று தெரியவில்லை. அக்காவிடம் கேட்க வேண்டும். ரயில் நிலையத்தில் காலை வேளைக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னாள். எடுத்தால் மதியம் இங்கே வரலாம், மாலை வகுப்பு. முடியுமா என்று சந்தேகம்தான். முடியாது என்றும் நிச்சயமில்லை.

நாளை: ஒன்பது மணிக்குள் வந்து அறையின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். வரைபடத்தின் இன்றைய பகுதியை அச்சிட்டு முதல் மாடியில் ஒட்ட வேண்டும். அதன் கீழ் "மே 22. யாரும் உள்ளே வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புது மார்க்கர் பேனா இரண்டு வாங்க வேண்டும்.